அப்பா வீட்டைக் காலி செய்கிறேன்: பாதரச பி.பி. கருவி, ஊசிகள், காலாவதி மருந்து, காமாக்சின் டப்பா... யாரிடம் கொடுப்பது?

மாம்பலத்து மகள்
வணக்கம். அப்பா போய் மூன்று மாதம் ஆகிறது. மேற்கு மாம்பலத்தில் அவர் இருந்த வாடகை வீட்டைப் பொங்கலுக்குள் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும். துணி, பாத்திரம், புத்தகம் எல்லாவற்றுக்கும் வழி பிறந்துவிட்டது. பரணிலிருந்தும் அவருடைய அலமாரியிலிருந்தும் இறக்கிய கொஞ்சம் சாமான் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் கூடத்து மூலையில் அப்படியே இருக்கிறது.

அப்பா நாற்பது வருடம் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர். அதனால் பாதரசம் போட்ட பழைய பி.பி. கருவி ஒன்று, கண்ணாடி தெர்மோமீட்டர் இரண்டு. கடைசி ஒன்றரை வருடம் புற்றுநோய். வலிக்கு உடம்பில் ஒட்டும் ஃபென்டனில் பட்டைகள் பிரிக்காமல் நான்கு மிச்சம், டிரமடால் மாத்திரை ஓர் அட்டை. சர்க்கரைக்குப் போட்டுக்கொண்ட இன்சுலின் ஊசிகள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய. இவை போக ஒரு பை நிறையக் காலாவதியான மாத்திரையும் டானிக்கும். பரணில் துருப்பிடித்த தகர டப்பா ஒன்றில் காமாக்சின் பவுடர் என்று அப்பா கையெழுத்து, அந்தக் காலத்துப் பூச்சி மருந்து. அரை டின் எனாமல் பெயின்ட், தின்னர், பாத்ரூம் ஆசிட், உப்பிப்போன பவர் பேங்க், எட்டு டியூப் லைட்.

பெரியம்மா, போகிக்கு எல்லாவற்றையும் போட்டுக் கொளுத்திவிடு என்கிறார். காயலான் கடைக்காரர் பி.பி. கருவியை மட்டும் எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். இரண்டுக்கும் மனசு ஒப்பவில்லை. அப்பா யாருக்காவது ஊசி போட்டால் அதை ஒழுங்காக அப்புறப்படுத்தாமல் அடுத்த வேலைக்குப் போக மாட்டார். அவர் வைத்துவிட்டுப்போன பொருளால் யார் கையும் காயப்படக் கூடாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாடித்தோட்டம்
அப்பாவுக்கு என் அஞ்சலி, அக்கா. ஒன்றே ஒன்று உடனே: அந்தக் காமாக்சின் டப்பாவைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கிறதா இல்லையா என்று ஆட்டிப் பார்க்கவும் வேண்டாம். விவரமாக இரவு எழுதுகிறேன்.

வேதியியல் டீச்சர்
பி.பி. கருவியைக் காயலான் கடைக்குக் கொடுக்க வேண்டாம், அம்மா. அவருக்கு வேண்டியது அதன் உலோகப் பெட்டி. உடைத்துப் பிரிக்கும்போது பாதரசம் அவர் கடைத் தரையில்தான் கொட்டும். அங்கேயே உட்கார்ந்து அவர் சாப்பிடவும் செய்வார். இந்த ஆபத்து தெரிந்தால் அவரே வாங்க மாட்டார், பாவம்.

அளவைச் சொன்னால் புரியும். ஒரு சி.எஃப்.எல். பல்பில் இருப்பது சில மில்லிகிராம் பாதரசம். தெர்மோமீட்டரில் சுமார் ஒரு கிராம். மேசை மேல் வைக்கும் பழைய பி.பி. கருவியில் கிட்டத்தட்ட 100 கிராம். அறை வெப்பத்திலேயே அது ஆவியாகிக்கொண்டிருக்கும். ஆவிக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூச்சு வழியாக ரத்தத்தில் கலந்து மூளை நரம்புகளையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நம் ஊரிலேயே இதற்குச் சாட்சி உண்டு. கொடைக்கானலில் தெர்மோமீட்டர் செய்த தொழிற்சாலை, பாதரசம் கலந்த கண்ணாடித் துண்டுகளைப் பழைய சாமான் கடைக்குத் தள்ளியது வெளியே வந்துதான் 2001இல் மூடப்பட்டது. அங்கே வேலை செய்தவர்கள் இழப்பீட்டுக்காக அதற்கப்புறம் பதினைந்து வருடம் போராடினார்கள்.

இப்போது செய்ய வேண்டியது: பெரும்பாலான கருவிகளில் கண்ணாடிக் குழாயின் அடியில் ஒரு சின்னத் திருகோ நெம்போ இருக்கும். பாதரசம் முழுக்கத் தொட்டிக்குள் இறங்கும்படி கருவியை மெதுவாகச் சாய்த்து அதை மூடுங்கள். அப்புறம் பெட்டியைச் சாத்தி, கனமான இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்குள் நிமிர்த்தி வையுங்கள். வெயில் படாத இடம் முக்கியம். மேலே பெரிய எழுத்தில் "பாதரசம், உடைக்காதீர்கள்" என்று எழுதுங்கள். தெர்மோமீட்டர்களைத் துணியில் சுற்றி அதே டப்பாவில் வைக்கலாம்.

புதுக்குடித்தனம்
டீச்சர், இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். போன வாரம் எங்கள் வீட்டில் சி.எஃப்.எல். பல்பு உடைந்தது. துடைப்பத்தால் பெருக்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டேன். வீட்டில் எட்டு மாதக் குழந்தை. பயப்பட வேண்டுமா?

வேதியியல் டீச்சர்
ஒரு பல்பில் இருப்பது மிகக் குறைவு, பயப்படாதீர்கள். ஜன்னலைத் திறந்து வைத்திருந்தீர்கள் என்றால் அந்த ஆவி எப்போதோ போயிருக்கும். அந்த இடத்தை ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டித் தனியாகக் கொடுத்துவிடுங்கள். பாய், மெத்தை மேல் உடைந்திருந்தால் அதைக் குழந்தைக்குப் போடாதீர்கள்.

இனி உடைந்தால், குழந்தையை முதலில் வேறு அறைக்குக் கொண்டுபோங்கள். ஃபேனையும் ஏசியையும் நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டுப் பத்து பதினைந்து நிமிடம் நீங்களும் வெளியே இருங்கள். துடைப்பம் வேண்டாம், வேக்யூம் கிளீனர் கூடவே கூடாது, இரண்டும் அதைக் காற்றில் பரப்பும். கெட்டி அட்டை இரண்டால் துண்டுகளைச் சேர்த்து எடுத்து, பொடியை அகலமான டேப்பால் ஒற்றி எடுங்கள். எல்லாம் மூடியுள்ள பாட்டிலுக்குள் போகட்டும்.

தெர்மோமீட்டர் உடைந்தாலும் இதே முறைதான், கூடுதலாக ஒன்று உண்டு. மோதிரம், வளையல், தாலிச் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கிட்டே போக வேண்டும். பாதரசம் தங்கத்தில் பட்டால் ஒட்டிக்கொண்டு அந்த இடம் வெள்ளையாகிவிடும். உருளும் மணிகளை அட்டையால் ஒன்றுசேர்த்து பாட்டிலில் விடுங்கள். வாஷ்பேசினில் கொட்டாதீர்கள். அது தண்ணீரைவிட 13 மடங்குக்கு மேல் கனம், குழாய் வளைவில் போய்த் தங்கிக்கொள்ளும். அங்கிருந்து ஆற்றுக்கும் கடலுக்கும் போனாலோ, சேற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றும். அது மீனின் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். ஜப்பானில் மினமாட்டா ஊர் மக்களுக்கு நரம்பு நோய் வந்தது மீன் சாப்பிட்டுத்தான். நாம் காசிமேட்டு மீன் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள்.

பழைய மருந்தாளுநர்
மருந்துக் கடையில் முப்பது வருடம் இருந்தவன். மருந்தை மட்டும் நான் சொல்கிறேன், மேடம்.

ஃபென்டனில் பட்டைகளை முதலில் பூட்டி வையுங்கள். கூடத்து மூலையில் இன்னொரு நாள்கூட இருக்க வேண்டாம். ஒரு குழந்தை எடுத்து ஒட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. ஒட்டிக் கழற்றிய பட்டையிலும் மருந்து மிச்சம் இருக்கும், அலமாரியில் பழையது கிடக்கிறதா என்றும் பாருங்கள். அப்பாவுக்கு வலி சிகிச்சை தந்த இடத்திலேயே கேளுங்கள். இந்த வகை மருந்துக்கு அவர்கள் கணக்கு வைத்திருப்பார்கள், திரும்பக் கொடுக்க முடிந்தால் அதுவே நல்லது. முடியாவிட்டால்தான் அடுத்த வழி. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் 17 மருந்துகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. தவறிப்போய் ஒரு வேளை சாப்பிட்டாலே உயிர் போகக்கூடியவை என்பதால் அவற்றை வீட்டில் வைத்திராமல் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடச் சொல்கிறது. ஃபென்டனில், டிரமடால், மார்ஃபின், டயசிபாம் எல்லாம் அதில் உண்டு. பட்டையை ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்துத்தான் போட வேண்டும்.

அடையாறு அண்ணாச்சி
மருந்தாளுநர் சார் சொல்வதைப் பார்த்தால் எல்லா மாத்திரையையும் கழிவறையில் போட்டுவிடலாமே? வேலை சுலபம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

பழைய மருந்தாளுநர்
வேண்டாம் அண்ணாச்சி. அந்தப் பதினேழுக்கு மட்டும்தான் அந்த விலக்கு. வீட்டுக்குள் ஒரு சாவு நேருவதைத் தடுக்க, தண்ணீரில் கொஞ்சம் கலந்தாலும் பரவாயில்லை என்று கணக்குப் போட்டு எடுத்த முடிவு அது. ஆன்டிபயாடிக்கையும் ஹார்மோன் மாத்திரையையும் அப்படி விடக் கூடாது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மருந்தைப் பிரித்தெடுக்கக் கட்டப்பட்டவை இல்லை. ஆன்டிபயாடிக் அடையாற்றிலும் கூவத்திலும் கலந்தால் அங்கே இருக்கும் கிருமிகள் அதற்குப் பழகிக்கொள்ளும். அப்புறம் நம் பேரன் பேத்திக்குக் காய்ச்சல் வந்தால் அதே மருந்து வேலை செய்யாது.

மற்ற மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, டிகாஷன் போட்ட பழைய காபித்தூளோடு கலந்து, மூடி இறுகிய டப்பாவில் போட்டு, "காலாவதி மருந்து" என்று எழுதிக் கொடுங்கள். டானிக்கையும் அதிலேயே ஊற்றலாம். அட்டையோடு முழுசாகக் குப்பையில் போட்டால் யாராவது பொறுக்கி எடுத்துச் சாப்பிடுவார்கள், அல்லது தேதியை அழித்துவிட்டு விற்பார்கள். புற்றுநோய்க்கான கீமோ மாத்திரை ஏதும் இருந்தால் அதை மட்டும் கையால் தொடாதீர்கள். அட்டையோடு அப்படியே மருத்துவமனையில் திருப்பிக் கொடுங்கள்.

கேரளத்தில் அரசே வீடுகளிலிருந்து பழைய மருந்தைச் சேகரிக்கிறது, கோழிக்கோட்டில் ஆரம்பித்தார்கள். நம் மருந்துக் கடைகளிலும் ஒரு பெட்டி வைக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

கொடுங்கையூர்க்காரன்
நான் ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் செய்கிறவன். இதற்கு எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

என் அம்மா தூய்மைப் பணியாளர். பேட்டரி வண்டியில் போய் வீடு வீடாகக் குப்பை வாங்குகிறார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வீட்டில் கொடுத்த கறுப்புக் கவரை வண்டியில் அமுக்கி வைத்தபோது உள்ளே இருந்த ஊசி கையுறையைத் தாண்டி உள்ளங்கையில் ஏறியது. யார் போட்டுக்கொண்ட ஊசி, அவருக்கு என்ன நோய், ஒன்றும் தெரியாது. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போனோம். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும் என்றார்கள். 28 நாள் மாத்திரை. அம்மாவுக்கு ஒரே வாந்தி, தலைசுற்றல். அதோடு விடிகாலை வேலைக்கும் போனார். மறுபடி மறுபடி ரத்தப் பரிசோதனை. கடைசி ரிசல்ட் வரும்வரை தங்கச்சி குழந்தையை அம்மா மடியில் வைத்துக்கொள்ளவே இல்லை. தொட்டால் ஒட்டாது என்று டாக்டர் சொல்லியும் வைத்துக்கொள்ளவில்லை.

ஒன்றும் ஆகவில்லை, நல்லபடியாக முடிந்தது. ஆனால் அந்த வீட்டார் ஒரு பழைய பாட்டிலில் ஊசியைப் போட்டு மூடி, "அக்கா, இதில் ஊசி இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மூன்று மாதம் எங்களுக்கு வந்தே இருக்காது.

அக்கா, உங்கள் அப்பா ஊசிகளைப் பாட்டிலில் சேர்த்து வைத்திருக்கிறார் என்று படித்ததும் அவரை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். கண்ணாடி பாட்டில் என்பதால் அதை அப்படியே கெட்டியான ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இறக்கி மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். ஊசியை வேறு பாட்டிலுக்கு மாற்றுகிறேன் என்று கொட்டாதீர்கள். டியூப் லைட்டை உடைத்துக் கவரில் போடாதீர்கள். முழுசாக, செய்தித்தாள் சுற்றி, கட்டாகக் கொடுங்கள்.

மாம்பலத்து மகள்
தம்பி, படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியவில்லை. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பாட்டிலை நீங்கள் சொன்னபடி காலியான ஒரு பிளாஸ்டிக் பெயின்ட் வாளிக்குள் இறக்கி, இடைவெளியில் பழைய துணி அடைத்து மூடிவிட்டேன்.

அடுக்ககச் செயலாளர்
பிரித்துக் கொடுத்தாலும் கடைசியில் எல்லாம் ஒன்றாகத்தானே போகிறது என்று எங்கள் அடுக்ககத்தில் பாதிப் பேர் சொல்கிறார்கள். அவர்களிடம் என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வார்டு நடப்பு
ஐயா, அது நியாயமான கேள்விதான். சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016, வீட்டில் உண்டாகும் ஆபத்தான கழிவைத் தனி வகையாகவே வைத்தது. பெயின்ட் டின், பூச்சி மருந்து டப்பா, சி.எஃப்.எல்., டியூப் லைட், காலாவதி மருந்து, உடைந்த பாதரச தெர்மோமீட்டர், பேட்டரி, ஊசி என்று பெயர் சொல்லியே எழுதியிருந்தார்கள். மக்கும் குப்பைக்குப் பச்சை, மக்காததற்கு நீலம், இதற்குச் சிவப்பு என்று நம் ஊரில் கூடை நிறம் பழகியது இதனால்தான். 20 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று வீதம் இவற்றை வாங்கிக்கொள்ளும் மையம் வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்லின. சென்னை 426 சதுர கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் குறைந்தது 22 மையங்கள். உங்கள் வார்டுக்கு எது என்று மாநகராட்சியின் 1913 என்ற உதவி எண்ணில் கேளுங்கள், நம்ம சென்னை செயலியிலும் பதியலாம். ஒருவர் கேட்பதைவிட அடுக்ககம் முழுவதும் எழுதிக் கேட்டால் கனம் அதிகம்.

நடைமுறையில் நான் செய்வது: இந்தச் சாமானைத் தினக் குப்பையோடு கொடுக்கவே மாட்டேன். மாதம் முழுவதும் ஒரு வாளியில் சேர்த்து, வண்டி வரும்போது நானே கீழே இறங்கிக் கையில் கொடுத்து, உள்ளே என்ன என்று சொல்வேன். அவர்கள் தனிப் பையில் போட்டுக்கொள்வதைக் கண்ணால் பார்க்கிறேன். பாதரசம், பூச்சி மருந்து போன்றவற்றை வார்டு சானிட்டரி இன்ஸ்பெக்டரிடம் நேரில் சொல்லிக் கொடுப்பதுதான் சரி.

கொடுங்கையூர்க்காரன்
செயலாளர் ஐயாவுக்கு நானும் ஒன்று சொல்கிறேன். கடைசியில் ஒன்றாகப் போகிறது என்றே வைத்துக்கொள்வோம். கடைசிக்கு முன்னால் அது எத்தனை கை மாறுகிறது? வாங்குபவர், வண்டி மாற்றுபவர், தரம் பிரிப்பவர், குப்பை மேட்டில் பொறுக்குபவர். மூடிய டப்பாவாக இருந்தால் அத்தனை பேரும் தப்பிப்பார்கள். கொடுங்கையூர் மேட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். மேடு எரியும் நாள்களில் பள்ளிக்கூடத்து ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாடம் நடத்துவார்கள். 2022 ஏப்ரலில் பெருங்குடி மேடு நாள் கணக்கில் எரிந்தபோதுதான் தென்சென்னைக்கு அந்தப் புகை என்னவென்று தெரிந்தது.

இருசக்கர மெக்கானிக்
பவர் பேங்க் பற்றி யாரும் சொல்லவில்லையே. உப்பியிருந்தால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அமுக்காதீங்க, குத்தாதீங்க, சார்ஜ் போட்டுப் பார்க்காதீங்க. ஒரு தகர டின்னில் காய்ந்த மணல் போட்டு அதற்குள் வையுங்கள், வெயில் படாத இடத்தில், தின்னரிலிருந்து எட்டத்தில். லித்தியம் பேட்டரி குப்பை லாரியில் நசுங்கினால் தானாகவே தீப்பிடிக்கும், மேட்டில் தீ பிடிக்க அதுவும் ஒரு காரணம். பேட்டரிகளின் முனையில் செல்லோடேப் ஒட்டிக் கொடுங்கள். 2022 பேட்டரி விதிகளின்படி பழையதைத் திரும்பச் சேகரிக்கிற பொறுப்பு தயாரிப்பாளருக்கு இருக்கிறது. மாநகராட்சியும் 2025இல் சனிக்கிழமைகளில் பழைய சோஃபா, மெத்தையோடு மின்னணுக் கழிவையும் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. இன்வெர்ட்டர் பேட்டரி இருந்தால் ஆசிட்டைக் கீழே கொட்டாமல் அப்படியே பேட்டரிக் கடையில் கொடுத்தால் காசே தருவார்கள்.

மாடித்தோட்டம்
தாமதத்துக்கு மன்னியுங்கள், அக்கா. காமாக்சின் என்று நம் வீடுகளில் சொல்வது பி.எச்.சி. பவுடர். கரையானுக்கும் எறும்புக்கும் மூட்டைப்பூச்சிக்கும் தாராளமாகத் தூவின காலம் ஒன்று இருந்தது. பி.எச்.சி. 1997இலும், அதன் வீரியமான வடிவமான லிண்டேன் 2013இலும் இந்தியாவில் தடை செய்யப்பட்டன. மண்ணில் வருடக்கணக்கில் சிதையாமல் கிடக்கும், உடம்புக் கொழுப்பில் தங்கும். செடிக்குத் தூவலாம் என்று யாராவது கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, தகர டப்பாவை அப்படியே கனமான கவருக்குள் இறக்கிக் கட்டி, இன்னொரு கவர், அப்புறம் மூடியுள்ள வாளி. பரணில் சிந்தியிருந்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியையும் அதே வாளியில் போடுங்கள்.

இன்னொன்று, என் சித்தி வீட்டில் நடந்தது. பூச்சி மருந்தைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பையன் ஒரு வாய் குடித்துவிட்டான். எந்த மருந்து என்று டாக்டர் கேட்டபோது சொல்ல யாரிடமும் லேபிள் இல்லை. பிழைத்துக்கொண்டான், ஆனால் ஐ.சி.யு.வில் ஆறு நாள். அதனால் எதையும் அசல் டப்பாவிலிருந்து மாற்றவே மாற்றாதீர்கள்.

வேதியியல் டீச்சர்
ஆசிட்டும் இதே கதைதான். பாத்ரூம் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துக் கழுவினால் பளிச்சென்று இருக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், ஜன்னல் இல்லாத பாத்ரூமில் மயங்கி விழ அது போதும். ஒரே வாளியில் இரண்டையும் வைக்கக்கூட வேண்டாம்.

பெயின்ட் அரை டின் நன்றாக இருந்தால் யாராவது இரும்பு கேட்டுக்கு அடிக்க வாங்கிக்கொள்வார்கள், அதுவே சிறந்த வழி. ரொம்பப் பழைய எனாமல் என்றால் ஈயம் அதிகம் இருக்கலாம், கொடுக்காதீர்கள். 90 பி.பி.எம்.முக்கு மேல், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல், ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. போகித் தீயில் பெயின்ட்டும் பிளாஸ்டிக்கும் போட்டால் அந்த ஈயமும் டயாக்சின் என்ற நச்சும் உங்கள் தெருக் குழந்தைகளின் நெஞ்சுக்குள் போகும் என்று பெரியம்மாவிடம் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். கிழிந்த ஓலைப்பாய் எரித்த காலத்து வழக்கம் அது. அன்றைக்கு வீட்டில் பிளாஸ்டிக் ஏது?

மாம்பலத்து மகள்
ஆறு நாள் கழித்து வருகிறேன், எல்லோருக்கும் நன்றி.

ஃபென்டனிலையும் டிரமடாலையும் அப்பாவுக்கு வலி சிகிச்சை தந்த இடத்தில் எண்ணி, எழுதி வாங்கிக்கொண்டார்கள். அங்கே இருந்த நர்ஸ் அப்பா பெயரைப் பார்த்ததும் நினைவு வைத்திருந்து விசாரித்தார். கொஞ்சம் அழுதேன்.

1913இல் பதிந்து, வார்டு அலுவலகத்திலும் நேரில் போய்ச் சொன்னேன். சானிட்டரி இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்தார். பாதரச டப்பா, காமாக்சின் வாளி, ஊசி வாளி, மருந்து டப்பா என்று நான்கிலும் எழுதி வைத்திருந்ததைப் படித்துப் பார்த்துவிட்டுத் தனி வண்டியில் ஏற்றச் சொன்னார். கூட வந்த தூய்மைப் பணியாளர் அம்மா ஊசி வாளியைத் தூக்கும் முன் மூடியை இரண்டு முறை அழுத்திப் பார்த்துக்கொண்டார். கொடுங்கையூர்த் தம்பி நினைவுதான் வந்தது. டியூப் லைட் எட்டும் முழுசாகப் போய்விட்டன. பவர் பேங்க் மணல் டின்னோடு சனிக்கிழமைக்குக் காத்திருக்கிறது. பெயின்ட் டின்னில் தேதி அழிந்திருந்ததால் யாருக்கும் கொடுக்கவில்லை, ஆசிட்டோடு சேர்க்காமல் தனியாக ஒப்படைத்தேன்.

பெரியம்மா இந்த வருடம் ஓலைப்பாய் ஒன்று மட்டும் போதும் என்று ஒத்துக்கொண்டார். அவர் வீட்டு அலமாரியிலும் ஒரு பழைய தெர்மோமீட்டர் இருக்கிறதாம். நாளைக்கு நான் போய் எடுத்து வருகிறேன்.

கொடுங்கையூர்க்காரன்
அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், அக்கா. மூடியை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார்களா என்று திருப்பிக் கேட்டார். நாளைக்குத் தெர்மோமீட்டர் எடுக்கப் போகும்போது வளையலைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.